மலையகத்துக் கல்லில் பன்னம் பதியுமா? முதல் நிலத்தாவரங்களும் அவை பரவிய கண்டங்களும்

கேள்வி, கொட்டகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியையிடமிருந்து: "ரோட்டை அகலிக்க உடைத்த கல் ஒன்றை மாணவன் ஒருவன் கொண்டுவந்தான். பிளந்த முகத்தில் கறுப்பாகப் பன்னம் இலை போல ஒரு படம். படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இது உயிர்ச்சுவடா? மலையகத்தில் ஆதித் தாவரங்களின் சுவடு கிடைக்குமா? குக்சோனியா என்ற ஆதித் தாவரம் வேல்சிலும் பொலிவியாவிலும் கிடைத்திருப்பதால் அந்த நிலங்கள் அப்போது ஒட்டியிருந்தன என்று வகுப்பில் சொல்லலாமா?"

டீச்சர், முதலில் கல்லைப் பார்ப்போம். படத்தில் இருப்பது தாவரம் அல்ல, மங்கனீசு ஒட்சைட்டு. கருங்கல்லின் மெல்லிய வெடிப்புக்குள் மழைத்தண்ணீர் ஊறி இறங்குகிறது. அதில் கரைந்திருக்கும் மங்கனீசு, காற்றுப் படும் இடத்தில் ஒட்சைட்டாகிப் படியத் தொடங்குகிறது. படிந்த நுனியில்தான் அடுத்த துணிக்கையும் வந்து ஒட்டும். அதனால் அது கிளை கிளையாக விரிந்து பன்னம் போலவே ஆகிவிடுகிறது. உலகம் முழுக்க மக்களை ஏமாற்றும் உருவம் இது. மாணவன் ஏமாந்தான் என்று நினைக்க வேண்டாம், அவன் நன்றாகப் பார்த்திருக்கிறான்.

வகுப்பிலேயே உறுதிப்படுத்தலாம். 10 மடங்கு பெருக்கும் கைவில்லையால் பாருங்கள். உண்மையான இலைக்கு நடுநரம்பு இருக்கும். அதிலிருந்து நரம்புகள் ஒரே ஒழுங்கில் பிரியும். இலையின் ஓரம் தெளிவாக முடியும். பக்கத்தில் இன்னொரு இலை இருந்தால் அதுவும் அதே அமைப்பில் இருக்கும். மங்கனீசுப் படிவில் நடுநரம்பு கிடையாது. பெரும்பாலும் அது வெடிப்பின் ஓரத்திலிருந்தே புறப்பட்டு உள்நோக்கி வளரும், ஒவ்வொரு கிளையும் வேறு வேறு அளவில் இருக்கும். கல்லைப் பிளந்தபோது இரண்டு முகத்திலும் ஒரே படம் தெரிந்ததைச் சான்றாக எடுக்க வேண்டாம். இலைச்சுவடும் அப்படித்தான் இரண்டு முகத்திலும் பதியும், மங்கனீசும் அப்படித்தான் படியும்.

இரண்டாவது சோதனை பாமசியில் கிடைக்கும் ஐதரசன் பேரொட்சைட்டு. கல்லைப் பழைய பல்துலக்கியால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி ஒரு நாள் காயவிடுங்கள். கறுப்புக் கிளைமேல் ஒரு துளி, கறுப்பில்லாத வெறுங்கல்மேல் இன்னொரு துளி. மங்கனீசு ஒட்சைட்டு பேரொட்சைட்டை உடைத்து ஒட்சிசனை வெளிவிடும் ஊக்கி. ஆகவே கறுப்பின் மேல் மட்டும் சில விநாடிகளில் நுண்குமிழிகள் எழும். சோதனை பிழைப்பது பெரும்பாலும் கல்லைச் சரியாகக் கழுவாததால்தான். பாசி, கற்பாசி, கைவிரல் கீறிய இரத்தம் எல்லாவற்றிலும் அதே வேலையைச் செய்யும் நொதியம் இருக்கிறது. வெறுங்கல்லிலும் குமிழி வந்தால் திரும்பவும் கழுவ வேண்டும். வினாகிரி ஊற்றிப் பார்ப்பது சுண்ணாம்பைக் கண்டுபிடிக்கும் சோதனை, இங்கே உதவாது.

கைவில்லையும் துளியும் இல்லாமலேயே இந்தப் பதிலைச் சொல்லியிருக்கலாம். எந்த உயிர்ச்சுவட்டுக் கேள்விக்கும் முதலில் பார்க்க வேண்டியது உருவத்தை அல்ல, கல்லின் வயதையும் அது பட்ட வெப்பத்தையும்தான். மலையகத்தின் பெரும்பகுதி உயர்நிலத் தொகுதி எனப்படும் உருமாறிய பாறைகளால் ஆனது. நைசு, சார்னொக்கைட்டு, படிகப்பார், சலவைக்கல். இவற்றில் ஒரு பகுதி ஆதியில் கடலடிச் சேறாகவும் மணலாகவும் சுண்ணாம்பாகவும் இருந்தது உண்மை. அதன்பிறகு கண்டங்கள் மோதி கோண்டுவானா என்ற தென்பெருங்கண்டம் உருவானபோது, ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், அவை 25 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் அமிழ்ந்து 800 பாகை செல்சியசுக்கு மேல் வெந்தன. சேற்றிலிருந்த களிமண் கனியங்கள் கார்னட்டாகவும் சிலிமனைட்டாகவும் மாறின. மணல் படிகப்பாராக இறுகியது.

நிலத்தாவரங்களின் மிகப் பழைய சான்று 47 கோடி ஆண்டுகள் பழையது. அப்படியென்றால் நம் கல் வெந்து முடிந்து பல கோடி ஆண்டுகள் கழித்துத்தான் முதல் தாவரம் கரையேறியது. கல்லில் தாவரம் இல்லாததற்குக் காரணம் அழிந்துபோனது அல்ல. அந்தக் கல் உருவானபோது பதிவதற்குத் தாவரமே இருக்கவில்லை.

இந்த இடத்தில் பிள்ளைகள் காரீயத்தைப் பற்றிக் கேட்பார்கள். போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டும் காரீயம் காபன்தானே, மரம் புதைந்து வந்ததுதானே என்று. அது நிலக்கரி அல்ல. ஆழத்திலிருந்து வந்த காபன் கலந்த சூடான பாய்மங்கள் பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாகப் படியவிட்டது. அதற்கும் மரத்துக்கும் தொடர்பில்லை.

மலையகத்தில் தாவர எச்சம் வேண்டுமென்றால் ஹோட்டன் சமவெளியின் சதுப்புக் கரிமண்ணில் இருக்கிறது. அங்கே 20,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மகரந்தப் பதிவு கிடைத்திருக்கிறது. காலநிலை ஆய்வுக்கு அது பெரிய புதையல். ஆனால் நீங்கள் கேட்கும் ஆதித் தாவரங்களோடு ஒப்பிட்டால் அது நேற்று நடந்தது.

தீவுக்குள் உண்மையான பழைய தாவரச் சுவடு பார்க்கப் புத்தளம் பக்கம் இறங்க வேண்டும். புத்தளம்–அநுராதபுரம் வீதியிலுள்ள தப்போவையிலும், தெற்கே ஆண்டிகமவிலும், பழைய பாறை பிளந்து தாழ்ந்த பள்ளங்களுக்குள் மணற்கல்லும் சேற்றுக்கல்லும் தப்பியிருக்கின்றன. அவை ஜுராசிக் காலத்தவை. டைலோபில்லம் போன்ற சைக்கசு வகை இலைகள், கிளாடோபிளெபிசு என்ற பன்னம், ஊசியிலை மரங்களின் கிளைகள் எல்லாம் அங்கே கிடைத்திருக்கின்றன. 1922இல் இவற்றை விவரித்தவர்கள் கேம்பிரிட்ஜின் சீவார்டும், பிற்காலத்தில் பன்னங்களில் பேரறிஞரான ஹோல்ட்டமும். சீவார்டின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருகிறார். தப்போவ ஒரு சரணாலயம். பிள்ளைகளைக் கூட்டிப்போவதானால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும், சுத்தியலும் உளியும் கொண்டுபோகக் கூடாது.

இப்போது முதல் நிலத்தாவரங்கள். அவற்றை இரண்டு விதச் சான்றால் அறிகிறோம். ஒன்று, கண்ணுக்குத் தெரியும் தண்டும் இலையும். மற்றது, விதையில்லாத் தாவரங்கள் பரவுவதற்காக உதிர்க்கும், நுணுக்குக்காட்டியில் மட்டும் தெரியும் வித்திகள். காலத்தால் முந்தியவை வித்திகளே. ஆர்ஜன்டீனாவின் 47 கோடி ஆண்டுப் பாறையில் கிடைத்தவைதான் இதுவரை மிகப் பழையவை. ஓமானில், ஏறத்தாழ 45 கோடி ஆண்டுப் பாறையில், வித்திகள் வித்திக்கலனின் கிழிந்த துண்டுக்குள் கூட்டமாக இருந்த நிலையில் கிடைத்தன. இந்த வித்திகளைச் செய்தது தாவரம்தான் என்ற நம்பிக்கையை அதுதான் பெரிதும் உறுதியாக்கியது. கண்ணால் பார்க்கக்கூடிய முழுத்தாவரம் அதற்குப் பிறகுதான், ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகளுக்கு முன், குக்சோனியாவாக வருகிறது.

வித்தியை எடுக்கும் முறையை விளக்கினால்தான் மற்றவை புரியும். சேற்றுக்கல்லில் 10, 20 கிராம் எடுத்துப் பயறு அளவுக்கு உடைப்பார்கள். மாவாக அரைத்தால் வித்திகளும் உடைந்துவிடும். ஐதரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்துக் கழுவிவிட்டு, ஐதரோபுளோரிக் அமிலத்தில் நாட்கணக்காக ஊறவைத்தால் கல்லே கரைந்துபோகும். வித்தியின் சுவர் மட்டும் எஞ்சும். அந்தச் சுவரின் பொருளான ஸ்போரோபொலனின் அந்த அமிலத்துக்கும் அசையாது. பிறகு நுண்ணிய வலையில் அரித்து, அடர்த்தியான திரவத்தில் மிதக்கவிட்டு, கனிமத் தூளிலிருந்து பிரிப்பார்கள். ஐதரோபுளோரிக் அமிலம் தோலுக்குள் இறங்கி எலும்பிலுள்ள கல்சியத்தைப் பிடிக்கும், உயிரையே எடுக்கும். பாடசாலை ஆய்வுகூடத்தில் இதை ஒருபோதும் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

அமிலத்துக்கு அசையாத வித்தி வெப்பத்துக்கு அசையும். சூடேறாத கல்லில் அது வெளிர்மஞ்சள். கல் ஆழத்தில் புதைந்து சூடேற ஏறத் தேயிலைச் சாயம் போலக் கபிலமாகி, 200 பாகையைத் தாண்டும்போது கறுத்து ஒளிபுகாமல் போகும். அதன்பிறகு எந்த இனமென்று சொல்ல முடியாது. 800 பாகை கண்ட நம் மலைக்கல்லை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குக்சோனியாவை 1937இல் விவரித்தவர் மன்செஸ்டரின் வில்லியம் ஹென்றி லாங். ஆஸ்திரேலியத் தாவர ஆய்வாளர் இசபெல் குக்சனின் பெயரை அதற்கு வைத்தார். சில சென்ரிமீற்றர் உயரம், ஈர்க்கிலும் மெல்லிய தண்டு, இலை கிடையாது, இரண்டிரண்டாகக் கவராகி ஒவ்வொரு நுனியிலும் எக்காள வடிவில் ஒரு வித்திக்கலன். சில சுவடுகளில் இலைவாயும் தெரிகிறது. காற்றில் உலராமல் மூச்சுவிடும் உறுப்பு அப்போதே இருந்திருக்கிறது.

உள்ளமைப்பை முழுதாகக் காட்டியது ஸ்கொட்லாந்தின் ரைனி. 1912இல் வில்லியம் மக்கி என்ற வைத்தியர், அந்த ஊர் வயல்களிலும் கல்வேலிகளிலும் கிடந்த தீக்கல் துண்டுகளில் தண்டின் குறுக்குவெட்டுகளைக் கவனித்தார். ஏறத்தாழ 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெந்நீரூற்றுகள் இருந்தன. ஊற்றுநீரிலிருந்த சிலிக்கா செடிகளை நின்ற நிலையிலேயே ஊறவைத்துக் கல்லாக்கியது. 1917 முதல் 1921 வரை கிட்ஸ்டனும் லாங்கும் அவற்றை விவரித்தார்கள். அந்தக் கல்லை ஒளிபுகும் மெல்லிய தகடாகத் தேய்த்தால் தண்ணீர் கடத்தும் காழ்க்கலங்களும், வித்திக்கலனுக்குள் வித்திகளும், தண்டுக்குள் கூடிவாழ்ந்த பூஞ்சையின் இழைகளும் தனித்தனியே தெரியும். வேரில்லாத செடிக்கு மண்ணிலிருந்து பொசுபரசு எடுத்துக்கொடுத்தது பூஞ்சை என்று கருத இந்தக் கல்தான் முக்கியமான ஆதாரம். தேயிலை வேரிலும் இதே கூட்டு இன்றும் நடக்கிறது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. அதுதான் மூன்றிலும் கடினமானது.

குக்சோனியா வேல்ஸ், அயர்லாந்து, செக் நாடு, நியூயோர்க், பொலிவியா, பிரேசில் எல்லாவற்றிலும் கிடைத்திருக்கிறது. அதைக் கொண்டு நிலங்கள் ஒட்டியிருந்தன என்று சொல்ல முடியாது. அன்று வேல்சும் நியூயோர்க்கும் லோருசியா எனப்படும் ஒரே கண்டமாகச் சேர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பழைய கண்டத்தை, பின்னாளில் எல்லாக் கண்டங்களும் சேர்ந்த பஞ்சேயாவின் வடபாதியான லோரேசியாவோடு குழப்பக்கூடாது. பொலிவியா தெற்கே கோண்டுவானாவில் இருந்தது. நடுவில் ரெயிக் சமுத்திரம். தென்சீனா, சைபீரியா, கசக்ஸ்தான் தனித்தனி நிலத்துண்டுகள். கடலைத் தாண்டியது வித்தி. ஒரு மில்லிமீற்றரில் சில நூறிலொரு பங்குதான் அதன் பருமன், காற்று அதை எங்கும் கொண்டுபோகும்.

இதற்குச் சான்று உங்கள் பாடசாலைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. ஈரமான செம்மண் வெட்டுக்கரைகளில் சின்ன நத்தார் மரம் போல நிமிர்ந்து, நுனியில் தொங்கும் குட்டிக் கூம்புகளோடு ஒரு செடி வளர்கிறது. லைக்கோபோடியம் சேர்ணுவம் என்பது பழைய பெயர், இப்போது பல்கின்கேயா சேர்ணுவா. அது இன்று தென் அமெரிக்காவிலும் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வெப்பவலயம் முழுக்க இருக்கிறது. இன்னும் சில கோடி ஆண்டுகள் கழித்து அதன் சுவடுகளை மூன்று கண்டங்களிலும் எடுப்பவர் 'இவை ஒட்டியிருந்தன' என்று எழுதினால் முழுப்பிழை. வித்தியால் பரவும் தாவரம் கண்டங்கள் ஒட்டியிருந்ததற்குப் பலவீனமான சாட்சி.

அப்படியானால் ஆதித் தாவரப் புவியியல் எதைக் காட்டுகிறது? பொதுவாகக் கிடைப்பவற்றைவிட, ஓரிடத்தில் மட்டும் கிடைப்பவைதான் அதிகம் சொல்கின்றன. தென்சீனாவின் யுன்னான் மாகாணத்தில் போசொங்சொங் படையிலிருந்து எடுத்த தொடக்க டெவோனியத் (ஏறத்தாழ 41 கோடி ஆண்டுகளுக்கு முந்திய) தாவரங்களில் பல வேறெங்கும் இல்லை. அந்தத் துண்டு நிலம் கடலால் நீண்டகாலம் தனித்திருந்ததற்கு அது பொருந்துகிறது. தென்துருவத்தை அண்டிய கோண்டுவானாவில், தென் ஆபிரிக்காவிலும் போக்லாந்துத் தீவுகளிலும், ஹப்ளொஸ்டிக்மா போன்ற சில தாவரங்களே கிடைக்கின்றன. அங்கே தடுத்தது கடலைவிடக் குளிர். டெவோனியக் கடைசியில் ஆர்க்கியொப்டெரிசு என்ற மரம் பெரும்பாலான கண்டங்களில் பரவிவிட்டது. தென் ஆபிரிக்காவின் மகண்டாவுக்கு அருகே, அன்று உயர் அகலக்கோட்டிலிருந்த இடத்திலும் அது இருக்கிறது.

இந்த வரைபடங்கள் பிழைக்கும் வழிகளை வகுப்பில் மறைக்க வேண்டாம். முதலாவது, தேடிய இடத்தில்தான் கிடைக்கும். ஆதித் தாவரங்கள் பிரித்தானியத் தீவுகளில் நிறையக் கிடைத்ததற்கு அங்கே நூறாண்டுகளுக்கு மேலாக ஆட்கள் தேடியதும் ஒரு காரணம். இரண்டாவது, பழைய தாவரங்கள் பெரும்பாலும் கடற்சேற்றுக்கு அடித்துவரப்பட்ட துண்டுகள். வளர்ந்த இடம் வேறு, புதைந்த இடம் வேறு. மூன்றாவது, பெயர். வெறும் கவர்த்தண்டையும் நுனி வித்திக்கலனையும் வைத்து இரு கண்டத்துத் துண்டுகளுக்கு ஒரே பெயர் கொடுத்தால், உறவில்லாதவையும் உறவாகிவிடும். குக்சோனியா என்ற பெயருக்குள்ளேயே பல வேறு வம்சங்கள் அடங்கியிருக்கக்கூடும்.

நான்காவது வயது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிடைத்த பரக்வனாத்தியா இதற்கு நல்ல பாடம். லாங்கும் குக்சனும் 1935இல் விவரித்த இது, தடித்த தண்டும் 4 சென்ரிமீற்றர் வரை நீண்ட இலைகளும் கொண்ட லைக்கோபோட், அதாவது லைக்கோபோடிய வம்சத் தாவரம். கூடவே, படையின் வயதைக் காட்டும் கிராப்டொலைட்டு என்ற கடலுயிரி இருந்ததால், டெவோனியத்துக்கு முந்திய சைலூரியன் காலம் என்றார்கள். பிற்பாடு அந்தக் கிராப்டொலைட்டு தொடக்க டெவோனியத்தது என்று தெரிந்தது, தாவரத்தின் வயதும் இறங்கியது. அதன்பிறகு யே என்ற ஊருக்கு அருகே இன்னும் கீழுள்ள படையிலும் அதே தாவரம் கிடைத்தது. அங்கே உடனிருந்த கிராப்டொலைட்டுகள் பின் சைலூரியனுக்குரியவை. ஆகவே 42 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, வடக்கே பெரும்பாலும் இலையற்ற ஈர்க்குச் செடிகள் நின்ற காலத்தில், கோண்டுவானாவின் ஒரு ஓரத்தில் இலையுள்ள பெரிய செடி இருந்திருக்கிறது. 'எளியது முதலில், சிக்கலானது பிறகு' என்று உலகம் முழுக்க ஒரே வரிசை போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

கண்டங்கள் ஒட்டியிருந்ததற்கு உறுதியான தாவரச் சாட்சி வேண்டுமென்றால் பேர்மியன் காலத்துக் குளொசொப்டெரிசுக்கு வாருங்கள். அது விதை கொண்ட மரம். விதை, வித்தியைப் போலச் சமுத்திரத்தைக் காற்றில் தாண்டாது. ஆனாலும் இந்தியா, ஆபிரிக்கா, மடகாஸ்கர், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அந்தாட்டிக்கா எல்லாவற்றிலும் இருக்கிறது. 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த ஸ்கொட்டின் குழுவினர் கடைசிவரை இழுத்துவந்த ஏறத்தாழ 16 கிலோ கற்களுக்குள் குளொசொப்டெரிசு இலைகள் இருந்தன. 1914இல் அவற்றை விவரித்தவர் அதே சீவார்ட். நம் தீவில் பேர்மியன் பாறை வெளித்தெரிவதில்லை. ஆனால் மலையகத்து நைசுக்கு ஒத்த பாறை, கோண்டுவானாவில் நமக்கு அயலிலிருந்த அந்தாட்டிக்காவின் லுற்சோ-ஹோம் குடாப் பக்கத்தில் இருக்கிறது. தாவரத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாமலேயே மாணவன் கொண்டுவந்த கல் அந்த இணைப்பைக் காட்டுகிறது. அதை எறிந்துவிட வேண்டாம்.

வகுப்பில் செய்யக்கூடியது ஒன்று. வெட்டுக்கரை லைக்கோபோடியத்திலிருந்து மஞ்சளாக முற்றிய கூம்புகளில் நாலைந்தை மட்டும் பறியுங்கள். தேசியப் பூங்காவுக்குள் தொடக்கூடாது. காகித உறையில் இட்டு இரண்டு மூன்று நாள் உலர்ந்த இடத்தில் வைத்தால் மஞ்சள் தூள் கொட்டும். பொலித்தீன் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தூள் நெருப்புப் பட்டால் குப்பென்று பற்றும், ஆகவே பன்சன் சுடரடுப்பிலிருந்து தூர வையுங்கள். ஊசி நுனியில் எடுத்த அளவு போதும். கண்ணாடித் தகட்டில் கிளிசரின் ஒரு துளிவிட்டு அதில் கலந்து, மூடித்துண்டு வைத்து 400 மடங்கில் பாருங்கள். அதிகம் போட்டால் காற்றுக்குமிழியும் கட்டியும்தான் தெரியும். குவியத்தை மெல்ல மேலும் கீழும் அசைத்தால் சில வித்திகளில் மூன்று கை கொண்ட கோடு தெரியும். ஒரு தாய்க்கலம் ஒடுக்கற்பிரிவால் நான்கு வித்தியாகும்போது, ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு ஒட்டியிருந்த தழும்பு அது. கண்ணுக்குத் தெரியும் தாவரம் கிடைக்காத பாறைகளிலும், தண்ணீர் கடத்தும் குழாய்களுள்ள கலன்றாவர வம்சம் வந்துவிட்டதென்று சொல்ல ஆய்வாளர்கள் தேடுவது இதே தழும்பைத்தான்.

சுவர் வெடிப்பிலும் மரக்கவரிலும் வளரும் சைலோட்டத்தை இதற்கு எடுக்க வேண்டாம். இலையும் வேரும் இல்லாமல் கவராகும் அதன் தண்டைப் பார்த்து, ரைனித் தாவரங்களின் வாரிசு என்று பழைய பாடநூல்கள் எழுதின. மரபணு ஆய்வு அது பன்னங்களின் உறவு என்று காட்டிவிட்டது. அதன் வித்தி அவரைவிதை வடிவம், அதில் ஒற்றைக் கோடுதான் இருக்கும். சாதாரணமாகத் தொட்டியில் வளர்க்கும் பன்னங்கள் பலவற்றிலும் அப்படித்தான். லைக்கோபோடியம் கிடைக்காவிட்டால் மரப்பன்னத்தின் இலைக்கு அடியிலுள்ள கபிலப் பொட்டுகளைச் சுரண்டிப் பாருங்கள், அதில் மூன்று கையும் தெரியும்.